புகை போன வழி: ஆங்கிலேயப் பண்ணைவீடு குறித்து வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள பழைய பண்ணைவீடுகளைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பிள்ளைகள் அந்த நாட்டில் பணிபுரிவதால் அங்கே ஓரிரு மாதம் தங்கித் திரும்பிய சென்னைவாசிகள் எழுதியவை. கண்ணால் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால், இந்த இதழின் இடம் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

மயிலாப்பூர் வாசகி ஒருவர்: சசெக்ஸில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பேலீஃப் என்ற பண்ணைவீட்டைப் பார்த்தோம். கூடத்தின் நடுவில், வெறும் தரையில் தீ எரிந்துகொண்டிருந்தது. புகைபோக்கியே கிடையாது, புகை எங்கள் தலைக்கு மேல் மிதந்தது. இவ்வளவு நேர்த்தியான தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு புகைபோக்கி கட்டத் தெரியாமலா போயிற்று?

தெரியாமல் இல்லை, அம்மா. கோட்டைகளிலும் மடாலயங்களிலும் 12ஆம் நூற்றாண்டிலேயே சுவரோடு சேர்ந்த கணப்பும் புகைபோக்கியும் வந்துவிட்டன. உழவர் வீட்டுக்கு அவை வந்து சேர மேலும் நானூறு ஆண்டுகள் ஆயின. கல்லுக்கும் செங்கல்லுக்கும் ஆகும் செலவு அதற்கு ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அந்த வீட்டின் அமைப்பே நடுவில் எரியும் தீயைச் சுற்றி உருவானது என்பதுதான். நம் ஊர்ப் பழைய வீட்டில் முற்றத்தை மையமாக வைத்துத் தாழ்வாரமும் அறைகளும் விரிவதைப் போல, அங்கே கணப்பை மையமாக வைத்துக் கூடம் விரிகிறது. நாம் வானத்தை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டோம். அவர்கள் குளிருக்கு அஞ்சி வானத்தை அடைத்துவிட்டுத் தீயை உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் பார்த்த பேலீஃப், கென்ட் பகுதியில் சிடிங்ஸ்டோன் என்னும் ஊருக்கு அருகில் இருந்த வீடு. பவ் பீச் நீர்த்தேக்கம் அமைப்பதற்காக 1960களின் இறுதியில் அதைக் கழற்றிக் கொண்டுவந்து, சிங்கிள்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் மறுபடியும் பூட்டி நிறுத்தினார்கள். வீட்டைக் கழற்றுவது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குப் பின்னால் வருகிறேன். மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், கூடமும் அதன் ஒரு பக்கத்து அறைகளும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்றும், மறுபக்கத்துப் பகுதி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிந்தியது என்றும் தெரிந்தது.

இந்த வகை வீட்டை வீல்டன் வீடு என்பார்கள். நடுவில் கூரைவரை திறந்து கிடக்கும் கூடம். இரு பக்கத்திலும் மேல்தளம் கொண்ட பகுதிகள். மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னால் துருத்தி நிற்கும். இவை அனைத்தையும் ஒரே கூரை மூடியிருக்கும். கூடத்தின் ஒரு கோடியில் எதிரெதிராக இரண்டு வாசற்கதவுகள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட நடை, தெருவிலிருந்து கொல்லைவரை நேராகப் போகும் நம் ரேழியை நினைவூட்டும். அந்த நடைக்கு அப்பால் இருக்கும் இரண்டு சிறு அறைகளில் ஒன்றுக்கு ‘பட்டரி’ என்று பெயர். அது வெண்ணெய் அறை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பீர் போன்ற பானங்களின் பீப்பாய்களை வைக்கும் அறை. மற்றொன்றான ‘பான்ட்ரி’, ரொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இந்தக் காலத்து அடுக்ககங்களில் சமையலறைக்குப் பக்கத்தில் மளிகைச் சாமான் வைக்கும் இடத்தைப் பான்ட்ரி என்று அழைப்பவர்கள், இந்த உழவர்களின் சொல்லைத்தான் வழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கூடத்தின் மறுகோடி வீட்டுத் தலைவருக்கு உரியது. அவருடைய மேசை அங்கே சுவரை ஒட்டி இருக்கும். அதற்கும் அப்பால் அவருடைய தனியறை. அதற்கு மேலே படுக்கையறை. இந்தக் கோடிக்கும் நடைப்பக்கத்துக் கோடிக்கும் நடுவில் தீ. புகை மேலெழுந்து, ஓட்டின் இடுக்குகள் வழியாகவும் கண்ணாடி இல்லாத உயரமான சன்னல்கள் வழியாகவும் மெல்ல வெளியேறும். கூடம் ஏன் அவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை. மேலே புகைக்கு இடம். கீழே மனிதருக்கு இடம். முக்காலியில் தாழ்வாக உட்கார்ந்திருந்தால் கண் எரியாது. நிமிர்ந்து நின்றால்தான் தொல்லை.

குரோம்பேட்டை வாசகர்: அப்படியானால் புகைபோக்கி எப்போது வந்தது? அதனால் வீட்டின் அமைப்பில் ஏதாவது மாறியதா?

‘ஏதாவது’ என்று கேட்கிறீர்கள். ஏறத்தாழ எல்லாமே மாறின.

1577இல் இங்கிலாந்தைப் பற்றிய விரிவான விவரணை ஒன்றை வெளியிட்ட வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார், தம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட பெரும் மாற்றங்கள் என்று மூன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். அவற்றில் முதலாவது, புதிதாகப் பெருகிவிட்ட புகைபோக்கிகள். மற்ற இரண்டும் படுக்கையும் பாத்திரமும். செங்கல் மலிந்தது, தானியத்துக்கு நல்ல விலை கிடைத்தது, நிலம் வைத்திருந்த நடுத்தர உழவர்களின் கையில் பணம் புரண்டது. 1570க்கும் 1640க்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தை ‘பெரும் மறுகட்டமைப்பு’ என்று 1953இல் பெயரிட்டவர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர். பின்னால் வந்தவர்கள், இது எல்லாப் பகுதியிலும் ஒரே சமயத்தில் நடக்கவில்லை என்றும், வடக்கே இன்னும் காலம் தாழ்ந்தே நடந்தது என்றும் திருத்தம் சொன்னார்கள். இருந்தாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பெரும்பாலான உழவர்கள் பழைய வீட்டை இடிக்கவில்லை. கூடத்துக்குள்ளேயே ஒரு பெரிய செங்கல் புகைபோக்கியை எழுப்பினார்கள். சில இடங்களில் அது பழைய குறுக்கு நடையிலேயே வந்து நின்றது. புகைக்கு வழி கிடைத்துவிட்டதால் உயரமான கூடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. எனவே இடையில் உத்தரங்களைக் கோத்து மேல்தளம் போட்டார்கள். ஒரே கூடத்தில் எசமானரும் வேலையாளும் ஒரே தீயைச் சுற்றி உட்கார்ந்த வாழ்க்கை அதோடு முடிந்தது. மேலே படுக்கையறைகள் வந்தன. அவற்றுக்கு ஏறப் புகைபோக்கியை ஒட்டியே படிக்கட்டு வந்தது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு வந்தது. பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் மச்சு தலையில் இடிக்கும் அளவு தாழ்ந்திருப்பதற்கு, அக்காலத்து மக்கள் குள்ளமாக இருந்ததே காரணம் என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்பாதீர்கள். ஒரே கூடமாக இருந்ததைப் பிற்காலத்தில் இரண்டு தளமாகப் பிரித்தால் அப்படித்தான் இருக்கும்.

17ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டியவர்கள், புகைபோக்கியை நடுவில் வைத்தே வீட்டைத் திட்டமிட்டார்கள். வாசலைத் திறந்தால் எதிரே செங்கல் சுவர். இடப்பக்கம் ஓர் அறை, வலப்பக்கம் ஓர் அறை. ஒரே புகைபோக்கியின் இரு பக்கத்திலும் முதுகோடு முதுகாக இரண்டு கணப்புகள். வாசலில் புகும் குளிர்காற்று நேரே அறைக்குள் போகாமல் அந்தச் சுவரில் மோதி நின்றுவிடும். எனக்குத் தெரிந்தவரை, இதைவிடச் சிக்கனமான வீட்டு வரைபடம் எந்த நாட்டிலும் அரிது.

அரசும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1662இல் அடுப்பு வரி வந்தது: கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். வரி வசூலிப்பவர் வீட்டுக்குள் நுழைந்து கணப்புகளை எண்ணும் உரிமை பெற்றிருந்ததால் மக்கள் அதை வெறுத்தார்கள். 1689இல் அதைக் கைவிட நேர்ந்தது. அன்று எழுதிய கணக்கேடுகள் எஞ்சியிருக்கும் ஊர்களில், எந்தப் பண்ணைவீட்டில் எத்தனை கணப்பு இருந்தது என்பதை இன்றும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். வரி கட்டியவரின் எரிச்சலால் வரலாற்றாசிரியருக்குக் கிடைத்த லாபம் அது.

திருவான்மியூர் வாசகி: நாங்கள் தங்கிய பண்ணைவீட்டின் உரிமையாளர், விட்டங்கள் எல்லாம் பழைய போர்க்கப்பல்களை உடைத்து எடுத்த மரம் என்றும், தொடர்பில்லாத துளைகள் அவற்றில் இருப்பதே அதற்குச் சான்று என்றும் சொன்னார். உண்மையா?

இந்தக் கதையை இங்கிலாந்தில் கடலுக்கு அருகிலும் கேட்கலாம்; கடலிலிருந்து அறுபது மைல் தொலைவிலும் கேட்கலாம். சொல்பவர்கள் மனமறிந்து பொய் சொல்வதில்லை; தாத்தா சொன்னதைச் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது உண்மையில்லை. கப்பலுக்கும் வீட்டுக்கும் வேண்டிய மரம் வேறு வேறு வடிவம் கொண்டது; மேலும், பக்கத்துக் காட்டிலேயே ஓக் கிடைக்கும்போது உழவர் ஒருவர் துறைமுகத்திலிருந்து வண்டி கட்டி மரம் ஏற்றிவர வேண்டிய தேவை என்ன?

துளைகளுக்குக் காரணம் எளியது. அந்த இடத்தில் முன்பு ஒரு தடுப்புச் சுவரோ குறுக்குமரமோ இருந்திருக்கும், பின்னால் எடுத்துவிட்டிருப்பார்கள். அல்லது அந்த விட்டமே இன்னொரு பழைய வீட்டிலிருந்தோ களஞ்சியத்திலிருந்தோ வந்திருக்கும். வளைந்த மரங்களைக் கண்டு கப்பலின் விலா என்று நினைப்பவர்களும் உண்டு. இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடி வெட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்ப்பது பழைய முறைகளில் ஒன்று. சுவரும் கூரையும் அந்த ஒற்றை வளைவிலேயே நிற்கும். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே பிறந்த வீட்டின் மிகப் பழைய பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. அதைக் குடிசை என்று உலகமே அழைக்கிறது. உண்மையில் அது பன்னிரண்டு அறைகள் கொண்ட பண்ணைவீடு.

இனி, வீட்டைக் கழற்றுவது பற்றி. ஓக் மரம் காய்ந்தால் உளி இறங்காது. அதனால் தச்சர்கள் பச்சை மரத்திலேயே வேலை செய்தார்கள். ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றதன் முனையை நாக்குப் போலச் செதுக்கிச் செருகி, குறுக்கே மர ஆணி அறைந்தார்கள், இரும்பு தேவைப்படவில்லை. சட்டம் முழுவதையும் முதலில் தச்சுப் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் ரோமானிய எண்களைப் போன்ற குறிகளை உளியால் வெட்டி, பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நேர்கோடுகளை வெட்டுவது உளிக்கு எளிது என்பதால் அந்த எண்கள். பேலீஃபைக் கழற்றி மறுபடி பூட்டியவர்கள், 15ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் ஒரு முறை செய்ததையே திரும்பச் செய்தார்கள். வீடு எழும்பிய பிறகு பச்சை மரம் பல ஆண்டுகள் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். தரை சாய்வதும் சுவர் கோணுவதும் அதனால்தான்.

கப்பலில் வந்த மரம் என்ற பெருமை நியாயமாக நம் பக்கத்துக்கே உரியது. காரைக்குடி வட்டாரத்து வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. அந்தக் கதையை யாரும் கட்டிவிடவில்லை.

சேலையூர் வாசகர்: வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச்சட்டமும் கொண்ட தோற்றந்தானே அசல்?

அந்தக் கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ரசனை. ஓக்கை அப்படியே விட்டால் நாளடைவில் வெள்ளிச் சாம்பல் நிறம் கொள்ளும். பல இடங்களில் சுவரோடு மரத்துக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

பெரம்பூர் வாசகி: சன்னல்களில் ஏன் அவ்வளவு சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள்? ஒரே கண்ணாடியாகப் போட்டிருந்தால் வெளிச்சமாவது வந்திருக்குமே.

பெரிய கண்ணாடி செய்யத் தெரியாத காலம் அது. ஊதிச் செய்த கண்ணாடியிலிருந்து சிறு துண்டுகளையே குறையில்லாமல் வெட்ட முடிந்தது. அவற்றை ஈயப் பட்டையால் இணைத்துச் சட்டத்தில் பொருத்தினார்கள். அதற்கும் முந்திய உழவர் வீடுகளில் கண்ணாடியே கிடையாது. சாய்சதுரமாகத் திருப்பி வைத்த மரக்கம்பிகள்; அவற்றுக்குப் பின்னால் பலகைக் கதவு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்துக் கதவை மூடி, மறுபக்கத்தைத் திறந்து வைப்பார்கள். புகையும் அதே வழியில் போகும்.

‘விண்டோ’ என்ற ஆங்கிலச் சொல்லே, வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் சிலப்பதிகாரம் சன்னலைக் ‘காலதர்’ என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அது மானின் கண்ணைப் போன்றது என்றும் அந்தக் காப்பியமே சொல்கிறது. கண்ணாடி அறியாத இரு நாட்டவரும் சன்னலுக்குக் காற்றையும் கண்ணையும் கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள்.

1696இல் சன்னல் வரி வந்து, 1851வரை நீடித்தது. அதனால் செங்கல் வைத்து அடைத்த சன்னல்களைப் பல பண்ணைவீடுகளில் பார்க்கலாம். ஆனால் முகப்பின் ஒழுங்குக்காக முதலிலிருந்தே குருட்டுச் சன்னலாக வைத்தவையும் அவற்றில் உண்டு. பால் அறைக்கும் பாலாடைக்கட்டி அறைக்கும் வரிவிலக்கு கிடைத்தது. விலக்கு வேண்டுமானால் அந்த அறையின் பெயரை எழுதி வைக்க வேண்டும். இன்றும் சில வீடுகளின் நிலைப்படியின் மேல்கட்டையில் அந்தப் பழைய எழுத்துகள் இருக்கின்றன.

மாதவரம் வாசகர்: மாடுகளும் மனிதரும் ஒரே வீட்டில் வசித்தார்களாமே?

ஆம், தென்மேற்கில் டார்ட்மூர் பகுதியின் நீள்வீடுகளில். சரிவான நிலத்தில் நீளவாக்கில் கட்டி, மேட்டுப் பக்கத்தில் மனிதரும் பள்ளத்துப் பக்கத்தில் மாடுகளும் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே வாசல். தொழுவத்தின் கழிவுநீர் சரிவோடு வெளியே ஓடிவிடும். கருங்கல் சுவர், குளிர்காலத்தில் மாட்டின் உடற்சூடு. திண்ணைக்குப் பக்கத்தில் கன்று கட்டி வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றக் கூடாது.

அம்பத்தூர் வாசகர்: டெவன் பகுதியில் மண் சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட வீடுகள் நானூறு ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கின்றன என்கிறார்கள். மழை ஓயாத நாட்டில் மண் சுவர் எப்படிக் கரையாமல் நிற்கிறது? எங்கள் சொந்த ஊர் வீடு முப்பது ஆண்டுகளில் விழுந்துவிட்டதே.

முதலில் மழையைப் பற்றிய ஒரு திருத்தம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் அதில் பாதிகூட இல்லை. டெவனில் லண்டனைவிட அதிகந்தான். ஆனால் நமக்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது, அங்கே ஆண்டு முழுவதும் தூறலாக வருகிறது. சுவரை அறுப்பது நம் மழை. சுவரைக் காயவிடாமல் வைப்பது அவர்கள் மழை.

அந்த மண் சுவருக்குக் ‘காப்’ என்று பெயர். களிமண்ணில் வைக்கோலும் நீரும் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்தி, அச்சு எதுவும் வைக்காமல் படை படையாக ஏற்றுவார்கள். ஒரு படை காய்ந்த பிறகே அடுத்த படை. சுவரின் கனம் இரண்டு மூன்று அடி இருக்கும். மண் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல காலணியும் இருந்தால் போதும் என்பது அந்த ஊர் வழக்கு. தொப்பி, சுவரைத் தாண்டி நன்கு நீண்ட இறவாரம். காலணி, தரையிலிருந்து ஈரம் ஏறாதபடி கீழே கட்டிய கல் அடித்தளம். உங்கள் வீடு விழுந்ததற்கு இந்த இரண்டில் ஒன்று காரணமாக இருந்திருக்கலாம். கூரையைக் கீற்றிலிருந்து தகரத்துக்கு மாற்றும்போது இறவாரத்தைக் குறுக்கிவிடுவது நம்மிடம் பரவலாக உள்ள பழக்கம்.

கிழக்கு டெவனில் ஹேஸ் பார்ட்டன் என்ற பண்ணைவீடு இப்படிப்பட்ட மண் சுவரும் வேய்ந்த கூரையும் கொண்டது. வால்டர் ராலே 1552ஐ ஒட்டிப் பிறந்தது அங்கேதான். இங்கிலாந்து அரசவையில் புகையிலையை நாகரிகமாக்கியவர் என்று பெயர் பெற்றவர். வீட்டிலிருந்து புகையை வெளியேற்ற ஊரெல்லாம் புகைபோக்கி கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் வேறு வழியில் அதை உள்ளே கொண்டுவந்தார்.

கூரையை ஏறத்தாழ 50 பாகைச் சரிவில் வேய்வார்கள். நீர் நிற்காமல் ஓட அவ்வளவு செங்குத்து வேண்டும். மேல் அடுக்கு மட்கியதும் முழுவதையும் பிரிக்காமல், கெட்டதை மட்டும் சீவிவிட்டு அதன் மேலேயே புதிய வைக்கோலை வேய்வது வழக்கம். இதன் விளைவு வியப்பானது. டெவனில் சில வீடுகளின் கூரையில், அடியில் இருக்கும் முதல் அடுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வைக்கோல். திறந்த கூடத்தின் புகை படிந்து கரேலென்று ஆனது. அந்தக் கரியின் காப்பில் கதிரும் களையும்கூட அழியாமல் இருக்கின்றன. ஆள் உயரம் வளரும் பழைய கோதுமை, கோதுமைக்கு உறவான ரை என்று அன்றைய உழவர் எவற்றை விதைத்தார் என்பதை ஆய்வாளர்கள் அதிலிருந்தே கண்டறிந்தார்கள். அடுப்பங்கரைப் பரணில் விதைச் சோளத்தையும் சுரைக்குடுக்கையையும் புகையில் தொங்கவிட்ட நம் பாட்டிகளுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

நங்கநல்லூர் வாசகர்: நியூட்டனின் வீடும் பண்ணைவீடுதானே? அங்கே சுவரில் ஏதோ கிறுக்கல்கள் இருப்பதாகப் படித்தேன்.

லிங்கன்ஷயரில் உள்ள வுல்ஸ்தார்ப், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் பண்ணைவீடு. அன்றைய நாட்காட்டியின்படி 1642 கிறிஸ்துமஸ் நாளில் நியூட்டன் அங்கே பிறந்தார். 1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடியபோது திரும்பி வந்து தங்கி, ஒளியையும் ஈர்ப்பையும் பற்றிச் சிந்தித்ததும் அங்கேதான். கூடத்துக் கணப்புக்கு அருகே சுவரில் ஒரு காற்றாலையின் கீறல் ஓவியத்தை, ஒளியைப் பல கோணங்களில் பாய்ச்சிப் படமெடுக்கும் முறையில் 2017இல் கண்டார்கள். சிறுவன் நியூட்டன் வரைந்தது என்று கருதுகிறார்கள்.

மற்றபடி, பழைய பண்ணைவீடுகளில் கணப்பின் மேல்விட்டத்திலும் வாசற்காலிலும் அடிக்கடி காண்பது கவராயத்தால் கீறிய ஆறிதழ்ப் பூ. அதைப் பார்க்கும் தமிழர் எவருக்கும் மார்கழி வாசல் நினைவுக்கு வரும். தீய சக்தி உள்ளே நுழையாமல் காக்கும் குறி என்பது பரவலான விளக்கம். தச்சர் கவராயம் பழகிய சுவடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். களஞ்சியத்தில் இருப்பவற்றுக்கு இரண்டாவது விளக்கம் பொருந்தலாம். ஆனால் கணப்பைச் சுற்றி மட்டும் அவை இவ்வளவு நெருங்கி இருப்பதால் முதல் விளக்கத்தையே நான் ஏற்கிறேன். கதவைப் பூட்டலாம், சன்னலை அடைக்கலாம்; புகைபோக்கியை மூட முடியாது. புகை போகும் வழியில் சூனியக்காரி வரமாட்டாள் என்பதற்கு என்ன உறுதி? அதே அச்சத்தால் புகைபோக்கியின் இடுக்கில் பழைய செருப்பை ஒளித்து வைத்தார்கள். அப்படிக் கிடைத்த செருப்புகளுக்கு நார்தாம்டன் அருங்காட்சியகம் தனிப் பதிவேடே வைத்திருக்கிறது. கட்டி முடியாத வீட்டின் சாரத்தில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடும் ஊர் நம்முடையது என்பதை நினைவில் கொண்டு சிரிக்கவும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்கியிருக்கும் வாசகர்: கோவளத்துக்கு அப்பால் ஆங்கிலேயப் பண்ணைவீட்டின் மாதிரியில், செங்கல் கணப்பும் மர விட்டங்களும் சரிந்த கூரையுமாக ஒரு வார இறுதி வீடு கட்ட விரும்புகிறேன். தங்கள் ஆலோசனை?

கணப்பை விட்டுவிடுங்கள். அந்த வீட்டின் இதயமே அதுதான் என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு இதைச் சொல்கிறேன், காரணமும் அதுவே. குளிரைச் சமாளிக்கத் தோன்றிய அமைப்பு அது. இங்கே தோட்டவீடுகள் கட்டிய ஆங்கிலேயரே சென்னை வெயிலைக் கண்டதும் வரவேற்பறைக் கணப்பை மறந்து, ஆழமான வராந்தாவையும் உயரமான மச்சையும் ஏற்றுக்கொண்டார்கள். உதகைக்குப் போனபோதுதான் புகைபோக்கியை மறுபடி நினைவுகூர்ந்தார்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: சுண்ணாம்பு. பழைய ஆங்கிலேய வீடுகளில் வரிச்சு கட்டி மண் பூசிய சுவரானாலும் கல் சுவரானாலும் பூச்சு சுண்ணாம்புதான். உள்ளே ஏறும் ஈரம் அந்தப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும். 20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்க்கிறோம் என்று சிமென்ட் பூசினார்கள். ஈரம் உள்ளேயே தங்கி, ஓக் மரம் மட்கியது. சில இடங்களில் மண் சுவர் உள்ளிருந்து நனைந்து இடிந்தது. இன்று அங்கே அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுகிறார்கள். அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடாக இருந்தால், தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது குற்றம்.

திருவல்லிக்கேணியில் எங்கள் பாட்டனார் வீட்டுக்கும் இதே கதிதான். மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சாய்வாகச் செருகிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் அது; எண்பது ஆண்டுகள் ஒழுகாமல் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் மூலையில் சிறிது கசிந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்தோம். அவர் மேலே இரண்டு அங்குலத்துக்குச் சிமென்ட் போட்டு, இனி நூறு ஆண்டு கவலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறாவது ஆண்டில் உத்தரத்தின் முனைகள் சுவருக்குள் இருந்த இடத்தில் விரலால் அழுத்தினால் உதிரும் நிலைக்கு வந்தன. பழைய காரையில் கைதேர்ந்த கொத்தனாரை அழைத்திருந்தால், ஒரு வாரக் கூலியோடு முடிந்திருக்கும்.

எனவே கோவளத்தில் கட்டுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, சுவரைத் தாண்டி மூன்று அடி இறவாரம், கடல் காற்று புகுந்து வெளியேற எதிரெதிர் வாசல்கள். மர விட்டங்களை அழகுக்காகக் கான்கிரீட்டில் ஒட்டவைக்க வேண்டாம். கடற்கரையில் கரையான் அழகு பார்ப்பதில்லை.

மயிலாப்பூர் வாசகி, அதே கடிதத்தின் பின்குறிப்பில்: அடுத்த ஆண்டும் போவதாக இருக்கிறோம். பேலீஃபில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

முன்வாசலில் நின்று துருத்திய மேல்தளத்தின் அடியில் அண்ணாந்து பாருங்கள். உத்தரங்களின் முனைகள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கூடத்தில் ஐந்து நிமிடமாவது உட்காருங்கள்; கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் கூரைமரங்களின் கரி தெரியும். மேல்மாடி அறைக்கு ஏறிப்போய்ப் பாருங்கள். வீட்டுத் தலைவரின் படுக்கை அங்கேதான். தீ மூட்டியிருக்கும் நாளில் போவதாக இருந்தால் பட்டுப்புடவை வேண்டாம். அந்த வாசனை இரண்டு சலவைக்குப் போகாது.